வரைபடத்தின் நடுவில் இருப்பது யார்?

மதுரையில் கட்டடக்கலை படிக்கும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “ஜி.பி.எஸ்., கூகுள் மேப், லைவ் லொகேஷன் போன்ற இருப்பிடத் தொழில்நுட்பங்கள் இன்றைய கலையையும், நாம் இடத்தை உணரும் விதத்தையும் எப்படி மாற்றியிருக்கின்றன? பழைய அரண்மனைத் தூண்கள் நிற்கும் பத்துத்தூண் சந்தில் நடந்துகொண்டே கைபேசியில் கேட்கும்படியான ஓர் ஒலிப்படைப்பைச் செய்ய விரும்புகிறேன். அது கலையாக நிற்குமா, வெறும் தொழில்நுட்ப வித்தையாகப் போய்விடுமா?”

இங்கே ஒரு கல்லூரியில் பல ஆண்டுகளாக நிலவரைபடப் பாடம் நடத்தி வருகிறேன். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர் வீதிப் பெயர்களைப் பாருங்கள். ‘மேல ஆவணி மூல வீதி’ என்று ஒருவர் முகவரி சொன்னால் அதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ‘மேல’ என்பது கோயிலிலிருந்து எந்தத் திசை என்பதைச் சொல்கிறது. ‘ஆவணி மூல’ என்பது கோயிலைச் சுற்றியுள்ள சதுரங்களில் எத்தனையாவது சதுரம் என்பதைச் சொல்கிறது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள், மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகள், அதற்கடுத்து ஆவணி மூல வீதிகள், பிறகு மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள். இவற்றுள் வெளி வீதிகள் மட்டும் பிற்காலத்தவை. 1840களில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்த பிறகு பிறந்தவை அவை; அந்தப் பணியோடு தொடர்புடையவர்களின் பெயர்கள் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இன்றும் இருக்கின்றன, விளக்குத்தூண் பிளாக்பர்னின் நினைவாக நிற்கிறது. ஆக, திசை ஒன்று, சுற்று ஒன்று என இரண்டே சொற்களில் ஒரு நகரத்தின் எந்த இடத்தையும் குறித்துவிடும் முறை நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அந்த முறையின் தொடக்கப் புள்ளி கோயில். தெற்கு மாசி வீதியில் நிற்கும் ஒருவர், தான் மீனாட்சிக்கு எந்தப் பக்கம், எத்தனை சுற்றுக்கு அப்பால் நிற்கிறார் என்பதை வீதியின் பெயரைச் சொல்லும்போதே சொல்லிவிடுகிறார்.

இப்போது கைபேசியை எடுத்து வரைபடத்தைத் திறந்தால் நடுவில் ஒரு நீலப் புள்ளி தெரிகிறது. அந்தப் புள்ளி நான். நான் திரும்பினால் ஊர் முழுவதும் என்னைச் சுற்றித் திரும்புகிறது. வடக்குத் திசைகூட ஓரிடத்தில் நிற்பதில்லை. கோயில் திரையின் ஓரத்தில் ஒரு சிறு குறியாக இருக்கலாம், திரைக்கு வெளியேயும் போய்விடலாம். நகரத்தின் நடுவிடம் கோயிலிலிருந்து, சந்தையிலிருந்து, நாற்சந்தியிலிருந்து நகர்ந்து, கையில் கருவி வைத்திருக்கும் தனி ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டது. இருப்பிடத் தொழில்நுட்பம் நம் இட உணர்வில் செய்திருக்கும் மாற்றங்களுள் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். இந்த மாற்றத்தைத் தன் பொருளாகவே எடுத்துக்கொண்டு, நடுவிடத்தை மறுபடியும் இடத்திடமோ பிற மனிதரிடமோ ஒப்படைக்க முயலும் படைப்புகள் கலையாக நிற்கின்றன என்பதும், நீலப் புள்ளிக்கு மேலும் சில அலங்காரங்களைச் செய்துவிட்டு நிறைவடைபவை விரைவில் மறக்கப்படுகின்றன என்பதும் என் துணிபு.

இது வெறும் மனப்பதிவு அன்று. ஜப்பானில் தொரு இஷிகாவாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நடந்து செல்பவர்களை மூன்று வகையாகப் பிரித்து ஒப்பிட்டார்கள்: ஜி.பி.எஸ். கருவியோடு சென்றவர்கள், காகித வரைபடத்தோடு சென்றவர்கள், ஒரு முறை உடன் அழைத்துச் செல்லப்பட்டு வழியை நேரில் அறிந்தவர்கள். கருவியோடு சென்றவர்கள் மற்றவர்களைவிட அதிகத் தொலைவு நடந்தார்கள். பிறகு அந்த வழியை நினைவிலிருந்து வரையச் சொன்னபோது, நேரில் வழியறிந்தவர்களைவிடக் குறைந்த துல்லியத்தோடே வரைந்தார்கள். வழியைக் கருவி பார்த்துக்கொள்ளும்போது மனம் இடத்தைச் சேர்த்துவைப்பதில்லை.

அந்தக் கருவி உண்மையில் செய்வது என்ன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரத்தைச் சுமந்துகொண்டு, ‘இப்போது மணி இவ்வளவு, நான் இங்கே இருக்கிறேன்’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செய்தி வந்து சேரத் தாமதமான நேரத்தைக் கொண்டு கைபேசி தொலைவைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்தால் தன் இடத்தையும் நேரத்தையும் அறிந்துகொள்கிறது. ஒளி ஒரு நானோ நொடியில் சுமார் 30 சென்டிமீட்டர் செல்லும் என்பதால், நேரத்தில் மிகச் சிறிய பிழை இருந்தாலும் இடம் தவறிவிடும். சார்பியல் கோட்பாட்டின்படி செயற்கைக்கோளின் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடுகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பல கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும். நம் நாட்டின் நாவிக் என்ற இடங்காட்டும் செயற்கைக்கோள் அமைப்பும் இதே முறையில் இயங்குவதுதான். அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது.

ஆக, இந்தத் தொழில்நுட்பம் தருவது இரண்டே: நிலம், பொழுது. தமிழ் இலக்கணம் இவ்விரண்டையும் முதற்பொருள் என்று அழைக்கிறது. ஆனால் முதற்பொருளோடு நம் இலக்கணம் நின்றுவிடவில்லை. அந்த நிலத்துக்குரிய மரமும் பறவையும் தொழிலும் பறையும் கருப்பொருள். அங்கே நிகழும் மனித உணர்வு உரிப்பொருள். கருவும் உரியும் சேராத முதற்பொருளில் பாட்டு இல்லை. செயற்கைக்கோள் முதற்பொருளை மட்டும் தந்துவிட்டு விலகிக்கொள்கிறது. மற்ற இரண்டையும் கொண்டுவருவது கலைஞரின் வேலை. மாணவியின் கேள்விக்குச் சுருக்கமான விடை வேண்டுமென்றால் இதுதான்.

நடப்பதையும் வழி கேட்பதையும் கலையாக்குவதற்குச் செயற்கைக்கோள் தேவைப்படவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருக்கும் மொழி நம்முடையது: பரிசில் பெற்ற பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்கிறான், அந்த வழியில் என்ன நிலம் வரும், யார் உணவு தருவார்கள், என்ன உணவு தருவார்கள் என்பதையெல்லாம் சேர்த்தே சொல்கிறான். மேற்கிலும் 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்லி பிரவுன் என்ற கலைஞர் ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் வழிப்போக்கர்களிடம் ஓர் இடத்துக்குப் போகும் வழியைக் காகிதத்தில் வரைந்து தரச் சொல்லி, அந்தக் காகிதங்களையே படைப்பாக வைத்தார். 1967இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் லாங் ஒரு புல்வெளியில் முன்னும் பின்னுமாக நடந்து நடந்து புல் மடிந்து ஒரு கோடு தெரியும் வரை நடந்தார். அந்தக் கோடுதான் படைப்பு. ஜப்பானியக் கலைஞர் ஓன் கவாரா 1968 முதல் 1979 வரை தாம் அன்றன்று சென்ற வழியை அந்தந்த ஊர் வரைபடத்தின் நகலில் சிவப்பு மையால் கோடிட்டு வைத்தார். இன்று நம் கைபேசி நாம் கேட்காமலே செய்யும் வேலையை அவர் ஒரு நோன்பைப் போல நாள்தோறும் கையால் செய்தார். அதே சிவப்புக் கோடு இயந்திரம் வரையும்போது ஏன் நம்மைத் தொடுவதில்லை என்று யோசிப்பவர் இந்தக் கலையின் பாதிப் பாடத்தைக் கற்றுவிடுவார்.

2000 மே 1 நள்ளிரவில்தான் கதவு திறந்தது. அதுவரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. இடம் சுமார் 100 மீட்டர் வரை தவறக்கூடும். அந்தப் பிழை நீக்கப்பட்டதும் சாதாரண மனிதரின் கையிலிருந்த கருவிகூட ஒரு தெருவை இன்னொரு தெருவிலிருந்து பிரித்தறியத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 2002இல், எஸ்தர் போலாக் என்ற டச்சுக் கலைஞரும் வாக் என்ற நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமில் ஒரு முயற்சி செய்தார்கள். நகரவாசிகள் சுமார் 60 பேரிடம் ஜி.பி.எஸ். கருவிகள் தரப்பட்டன. அவர்கள் வழக்கம்போல வேலைக்கும் கடைக்கும் நண்பர் வீட்டுக்கும் போனார்கள். தெருவோ ஆறோ கட்டடமோ எதுவும் குறிக்கப்படாத கறுப்புத் திரையில், அவர்கள் சென்ற வழிகள் மட்டும் வெளிச்சக் கோடுகளாக விழுந்தன. நாள்கள் செல்லச் செல்ல, யாரும் வரையாமலே ஆம்ஸ்டர்டாமின் வரைபடம் அங்கே தோன்றியது. ஒவ்வொருவரின் நீலப் புள்ளியும் தன் நடுவிடத்தை இழந்து பலருடைய ஊராக ஆனதால்தான் அந்தப் படைப்பை இன்றும் பேசுகிறோம். போலாக் பின்னர் நைஜீரியாவில் மாடு மேய்ப்பவர்களின் தடங்களைப் பதிவுசெய்து, அந்தத் தடங்களை மணலில் கோடாக இழுக்கும் ஒரு சிறு இயந்திரத்தைக் கொண்டுசென்று, அவர்கள் முன்னாலேயே தரையில் வரைந்து காட்டினார். திரையைப் பார்த்துப் பழகாதவர்களும் மணற்கோட்டைச் சுற்றி நின்றுகொண்டு, தாங்கள் போன வழியைத் தங்களுக்குள் விளக்கிக்கொண்டார்கள். வாசலில் கோலம் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதே முறையை என் மாணவர்களோடு மதுரையில் செய்துபார்த்தேன். கருவிகள் வாங்கத் தேவை இருக்கவில்லை. எல்லோரிடமும் கைபேசி இருந்தது. ஒரு வாரம் தடங்களைப் பதிவுசெய்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக அச்சிட்டோம். எதிர்பார்த்தவை தெரிந்தன: வைகையின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் கோடுகள் பாலங்களில் வந்து ஒடுங்கி, பிறகு மறுபடியும் விரிந்தன, மாசி வீதிகள் தடித்த சதுரமாக எழுந்தன. எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. சதுரத்தின் நடுவே வெறுமை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் நேர்ந்த தீ விபத்துக்குப் பின், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பக்தர்கள் கைபேசி கொண்டுசெல்ல முடியாது. ஆகவே ஊரின் நடுவிடமாக இருக்கும் கோயில் எங்கள் படத்தில் ஒரு கறுப்புச் சதுரமாக நின்றது. அதன் ஓரத்தில், கைபேசிகளை வாங்கி வைக்கும் இடத்தருகே, சிறுசிறு நூல் சிக்கல்கள்போலச் சில கிறுக்கல்கள் இருந்தன. அணைக்கப்படாமல் பெட்டிக்குள் கிடந்த கைபேசிகள், கல்லிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய அலைகளால் குழம்பி, ஒரே இடத்தில் இருந்துகொண்டே அங்குமிங்கும் நகர்ந்ததாகப் பதிந்த கோடுகள் அவை. அப்படிக் கைபேசி பெட்டிக்குள் கிடந்த ஒரு மணி நேரத்தில் மாணவி ஒருத்தி பொற்றாமரைக் குளப் படியில் தன் தாயாரோடு அமர்ந்திருந்தாள். கருவி எங்கே இருந்தது என்பதை வரைபடம் சொல்லிற்று. அவள் எங்கே இருந்தாள் என்பதைச் சொல்லவில்லை. அந்தக் கறுப்புச் சதுரத்தை நிரப்பாமல் அப்படியே விட வேண்டும் என்று மாணவர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். என் ஆசிரியப் பணியில் நான் நிறைவடைந்த நாள்களுள் அது ஒன்று.

அந்தச் சதுரத்தின் விளிம்பில் நின்று இன்னொன்றையும் யோசித்தோம். திறந்த வெளியில், நல்ல வானத்தின் கீழ், ஒரு கைபேசியின் இருப்பிடம் சுமார் 5 மீட்டர் வரை பிழைபடலாம். 1939 ஜூலை 8 அன்று, அதுவரை இக்கோயிலுக்குள் நுழைவு மறுக்கப்பட்டிருந்த சமூகங்களைச் சேர்ந்த சிலர் அ. வைத்தியநாத ஐயருடன் உள்ளே நடந்து சென்றார்கள். கக்கன் அவர்களுள் ஒருவர். வாசலுக்கு வெளியே நிற்பதற்கும் வாசலைத் தாண்டி நிற்பதற்கும் இடையே உள்ள தூரம் சில அடிகள்தாம். அன்று அவர்கள் கையில் இன்றைய கைபேசி இருந்திருந்தாலும், அந்தச் சில அடிகளை அது உறுதியாகப் பிரித்துக் காட்டியிருக்காது. தலைமுறைகளாகத் தாண்ட முடியாதிருந்த ஒரு தூரம், கருவியின் பிழை வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. இடத்தை மீட்டரில் மட்டும் அளப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.

எங்கள் தடங்களில் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவியின் கோடும் இருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நேராக ஒரு தெரு இருக்க, அவளுடைய கோடு ஒவ்வொரு நாளும் அந்தத் தெருவைத் தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. வரைபடச் செயலி நேர்த் தெருவையே காட்டுகிறது; அதற்கு அந்தத் தெரு எல்லோருக்கும் பொதுவான தெரு. ஏன் சுற்றிப் போகிறாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. இந்தத் தடங்களைக் கண்காட்சியாக வைப்பதற்கு முந்திய நாள் அவளே எழுந்து, சாதிதான் காரணம் என்று சொன்னாள். நம் மாவட்டத்தில் இது புதிய செய்தியும் அன்று. எழுமலை அருகே உத்தப்புரத்தில் ஊரைச் சாதியால் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதத்தில்தான் இடிக்கப்பட்டது. சுவர்கூட இல்லாத இடங்களில் அந்தப் பிரிவு எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் தெரியாது. நடப்பவரின் கோட்டில் மட்டுமே தெரியும். இருப்பிடக் கலைக்கு நம் மண்ணில் ஒரு கடமை உண்டு என்றால், அந்த வளைந்த கோட்டை, அதை நடந்தவரின் இசைவோடு, அவருடைய சொல்லிலேயே எல்லோரும் காணவைப்பதுதான்.

ஒலிப்படைப்புக்கு வருகிறேன். இந்த வகையில் வழிகாட்டி கனடியக் கலைஞர் ஜேனட் கார்டிஃப். 1991இல் கனடாவின் பான்ஃப் நகரில் அவர் செய்த முதல் ஒலிநடையில் ஜி.பி.எஸ். இல்லை, வாக்மேன் என்ற கையடக்க ஒலிநாடாக் கருவியும் காதொலிப்பானும் இருந்தன. அவர் குரல் ‘இங்கே திரும்புங்கள்’ என்று சொல்லும். பின்னணியில் அதே இடத்தில் முன்பே பதிவுசெய்த காலடி ஓசையும் பறவைக் குரலும் கேட்கும். அவருடைய ஒலிநடைகளில், இரு செவிகளின் இடைவெளியில் ஒலிவாங்கிகளை வைத்துப் பதிவுசெய்வதால், காதில் கேட்கும் காலடி பின்னால் உண்மையாகவே யாரோ வருவதுபோல இருக்கும். கேட்பவர் திரும்பிப் பார்த்துவிடுவார். இன்றைய பொழுதின் மேல் இன்னொரு பொழுது அப்படியே படிந்துவிடுகிறது. 1999இல் டெரி ரூப் என்ற கலைஞர் கனடாவின் யோஹோ தேசியப் பூங்காவில், நடப்பவரின் முதுகுப்பையில் வைத்த ஜி.பி.எஸ். கருவி சில இடங்களை அடைந்ததும் இறந்தவர்களின் நினைவாக இயற்றிய பாடல்களும் சொற்களும் ஒலிக்குமாறு செய்தார். பல கோடி ஆண்டு பழமையான தொல்லுயிர்ப் படிவங்களுக்குப் பெயர்பெற்ற மலைப்பகுதி அது. அந்த இடத்தின் தன்மையே இழப்பும் எச்சமும். ஒலி அதை மீறவில்லை.

மாணவிக்கு நான் முதன்மையாகக் காட்ட விரும்பும் முன்மாதிரி இவை இரண்டையும்விட எளியது. 2003இல் டொராண்டோவில் தொடங்கிய ‘மர்மர்’ என்ற திட்டத்தில், காது வடிவப் பச்சைப் பலகைகளைத் தெருவில் ஆங்காங்கே மாட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி எண்ணை எழுதினார்கள். அந்த எண்ணை அழைத்தால், நீங்கள் நிற்கும் அதே இடத்தில் தமக்கு நிகழ்ந்ததை ஒருவர் தம் குரலில் சொல்வார். செயலி வேண்டாம், இணையம் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். நிற்கும் இடமும் கேட்கும் குரலும் போதும். கைபேசியில் அழைக்க மட்டுமே தெரிந்த பெரியவர்களும் இதைக் கேட்க முடியும் என்பது நம் ஊருக்கு மிக முக்கியம்.

எதிரில் இல்லாத ஒருவரின் நினைவையே படைப்பின் உயிராக்கியவர்களும் உண்டு. பிரிட்டனின் பிளாஸ்ட் தியரி என்ற கலைக்குழு, நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2001இல் ஷெஃபீல்டில் நடத்திய ஒரு விளையாட்டில், இணையத்தில் இருப்பவர்கள் நகரத்தின் வரைபடத்துக்குள் ஓட, உண்மைத் தெருக்களில் ஜி.பி.எஸ். ஏந்திய ஓட்டக்காரர்கள் அவர்களைத் துரத்தினார்கள். விளையாட்டில் சேரும்போது ஒவ்வொருவரிடமும், ‘நெடுநாளாகப் பார்க்காத, ஆனாலும் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் உண்டா?’ என்று கேட்டு அந்தப் பெயரை வாங்கி வைத்தார்கள். பிடிபடும் கணத்தில் ஓட்டக்காரர் அந்தப் பெயரை உரக்கச் சொல்லி, யாருமில்லாத அந்தத் தரையைப் படமெடுப்பார். பின்னாளில் வந்த எத்தனையோ கைபேசி விளையாட்டுகளில் இல்லாத ஓர் உரிப்பொருள் இதில் இருந்தது. பிரிவு என்று நம் இலக்கணம் அதை அழைக்கும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் அதிகார முகத்தை மறந்து கலை பேசக் கூடாது. நிலத்தை அளப்பது எப்போதும் ஆள்வதோடு சேர்ந்தே வந்திருக்கிறது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்க்கோடு) அளந்து தொடங்கிய பெரும் நில அளவைக்குத் தென்னாட்டின் சமவெளியில் உயரமான இடம் வேண்டியிருந்ததால் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அந்தப் பெரிய கருவி மோதிச் சேதமடைந்தது. இன்று கோபுரம் ஏறத் தேவையில்லை, நாமே அளவைக் கருவியைச் சட்டைப் பையில் சுமக்கிறோம். ஓட்டப் பயிற்சி செய்பவர்களின் தடங்களைத் தொகுத்து ஒரு நிறுவனம் வெளியிட்ட உலக வரைபடத்தில், பாலைவனங்களின் நடுவே இராணுவ முகாம்களின் வடிவம் தெரிந்துவிட்டது 2018 ஜனவரியில் கவனத்துக்கு வந்தது. 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் பெர்லினில் 99 பழைய கைபேசிகளை ஒரு சிறு சிவப்பு வண்டியில் போட்டு ஆளற்ற தெருக்களில் இழுத்துச் சென்றார். கூகுள் வரைபடத்தில் அந்தத் தெருக்கள் நெரிசலால் சிவந்தன. வரைபடம் ஊரைக் காட்டுவதில்லை, கைபேசிகளைக் காட்டுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. இன்னொரு புறம், கலிபோர்னியாவில் கலைஞர் ரிக்கார்டோ டொமிங்கெஸும் குழுவினரும் 2007 முதல், அமெரிக்க எல்லைப் பாலைவனத்தைக் கடப்பவர்கள் தாகத்தால் இறக்காமலிருக்க, தண்ணீர் வைக்கப்பட்ட இடங்களைக் காட்டும் மலிவான கைபேசிக் கருவியை வடிவமைத்தார்கள். அதில் கவிதைகளும் இருந்தன. ஆற்றுப்படை என்ற சொல்லை நான் தயங்காமல் அதற்குத் தருவேன்.

தடங்கள் இப்படி ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடும் என்பதால் எங்கள் கண்காட்சிக்கு ஒரு விதி வைத்தோம்: ஒவ்வொருவரின் தடத்திலும் வீட்டை ஒட்டிய முதல் 200 மீட்டரையும் கடைசி 200 மீட்டரையும் அழித்துவிட்டே அச்சிட வேண்டும். பெண்களின் தடங்களில் நேரத்தையும் நீக்கினோம். உங்கள் படைப்பு கேட்பவரின் இருப்பிடத்தை அறிய வேண்டியிருந்தால், அது அவர் கைபேசியிலேயே இருந்து அழியட்டும். எங்கும் சேமிக்கப்பட வேண்டாம்.

திரையின் வழியே பார்த்தால் காற்றில் சிலை தெரியும்படியான படைப்புகளைப் பற்றி ஒரு சொல் போதும். 2017இல் சிற்பி ஜெஃப் கூன்ஸின் பலூன் நாய் உருவத்தை ஒரு நிறுவனம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் மேல் இப்படி வைத்தது. செபாஸ்டியன் எர்ராசூரிஸ் என்ற கலைஞர் அதே உருவத்தில் கிறுக்கல்கள் நிறைந்த இன்னொன்றைச் செய்து அதே இடத்தில் வைத்து, பொது இடத்தின் காற்றை யார் யாருக்கு விற்றது என்று கேட்டார். அதற்கு முந்திய ஆண்டு குஜராத் உயர் நீதிமன்றத்தில், உண்மை இடங்களின் மேல் கற்பனை உருவங்களைக் காட்டும் போக்கிமான் கோ என்ற கைபேசி விளையாட்டு, புலால் விலக்கும் சமயத்தாரின் வழிபாட்டு இடங்களில் முட்டைகளைக் காட்டுகிறது என்று வழக்கு வந்தது. தெப்பக்குளத்தின் மேல் நாளை ஒரு நிறுவனம் விளம்பர உருவம் ஒன்றை மிதக்கவிட்டால் நாம் யாரிடம் கேட்போம் என்பது விரைவில் வரப்போகும் கேள்வி.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மதுரைக்கு வரும் வருகையில் இருப்பிடத் தொழில்நுட்பத்தின் இன்னொரு பக்கம் தெரிகிறது. அழகர்மலையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வரும் வழியில் 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் அவர் எழுந்தருள்கிறார். அவர் இப்போது எங்கே வருகிறார் என்பதைக் காட்டும் கைபேசிச் செயலியும் அண்மை ஆண்டுகளில் வந்துவிட்டது. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கும் முதியவர்களுக்கும் அது உண்மையான உதவி. ஆனாலும் என் அப்பத்தா, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவில் தல்லாகுளத்தில் காத்திருந்ததை நினைக்கிறேன். ‘புதூர் தாண்டிட்டாராம்’ என்று ஒருவர் சொல்ல, ‘இல்லை, இன்னும் மூன்றுமாவடியிலேதான்’ என்று இன்னொருவர் மறுக்க, அந்தச் செய்தி வாய்மொழியாகக் கூட்டத்தைக் கடந்து வந்தது. தெரியாமையால் அறிமுகமற்றவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். தொலைவில் தீப்பந்த வெளிச்சம் தெரிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சில் எழுந்தது. தெரிந்துகொள்ளும் வசதியை நான் மறுக்கவில்லை. அந்த இரவில் ஊரின் நடுவிடம் நகர்ந்துகொண்டிருந்தது, அதை எல்லோரும் சேர்ந்து தேடினார்கள் என்பதைக் கலைஞர் கவனிக்க வேண்டும்.

இனிப் பத்துத்தூண். விளக்குத்தூணுக்கு அருகில், ஜவுளிக் கடைகளுக்கு இடையே, சந்துக்குள் நிற்கும் இந்தக் கல்தூண்கள் திருமலை நாயக்கர் அரண்மனையின் எச்சங்கள். நாம் இன்று மகால் என்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அந்த அரண்மனையின் ஒரு பகுதியே. அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதை உடம்பால் உணர, மகாலிலிருந்து இந்தத் தூண்கள் வரை நடப்பதைவிட நல்ல வழி இல்லை. அதனால் சந்தில் தொடங்காதீர்கள். மகால் வாசலில் தொடங்குங்கள். இடையில் உள்ள தெருக்களில் நடப்பவர், இன்று இல்லாமற்போன அறைகளுக்குள் தான் நடப்பதை அறியட்டும். மகால் ஒலி-ஒளிக் காட்சியின் அரச தோரணைக் குரல் உங்களுக்கு வேண்டாம். அந்தத் தெருக்களில் இன்று கேட்கும் குரல்களைப் பதிவுசெய்யுங்கள்: வண்டி இழுப்பவர், துணி பொதி சுமப்பவர், கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். அப்பகுதியில் தலைமுறைகளாக வாழும் நெசவுக் குடும்பங்களின் சௌராஷ்டிர மொழி கட்டாயம் இருக்க வேண்டும். தமிழில் மொழிபெயர்க்காமலும் சில வரிகள் இருக்கட்டும்.

தொழில்நுட்பமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். சந்தின் அகலமே கைபேசியின் பிழை அளவுக்குள் இருக்கிறது. இருபுறச் சுவர்களில் அலை பட்டுத் திரும்புவதால் பிழை இன்னும் கூடும். ஒவ்வொரு தூணுக்கும் ஓர் ஒலி என்று திட்டமிட்டால், மூன்றாம் தூணின் குரல் ஏழாம் தூணில் கேட்கும். திறந்த தெருக்களில் 30 மீட்டர் அளவில் பெரிய வட்டங்களை வைத்துக்கொள்ளுங்கள். சந்துக்குள் வந்ததும் ஜி.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு, சிறு பலகையும் அழைப்பதற்கு ஒரு எண்ணும் வைத்துவிடுங்கள். பலகை மாட்டும் முன் அந்தந்தக் கடைக்காரரிடம் அமர்ந்து பேசி இசைவு பெறுங்கள். அவர் சொல்லும் கதையே உங்கள் முதல் பதிவாக அமையும். இருசக்கர வண்டிகள் ஓயாமல் வரும் இடம் என்பதால் ஒரு காதில் மட்டும் இயர்போன் போதும். கடைகள் திறந்திருக்கும் காலையில் ஒரு முறையும், மூடியிருக்கும் நேரத்தில் ஒரு முறையும் நடந்து பார்த்து, இரண்டில் எந்தப் பொழுது உங்கள் படைப்புக்குரியது என்று முடிவுசெய்யுங்கள்.

சந்துக்குள் நுழைந்த பின் ஒரு நிமிடம் ஒலி எதுவும் வேண்டாம். முதல் பார்வைக்குப் பத்தும் தெரியாது. துணி மூட்டைகளுக்கும் பெயர்ப் பலகைகளுக்கும் நடுவில் தூண்களைத் தேடித்தான் எண்ண வேண்டும். கேட்பவர் பத்தாவது தூணை எண்ணி முடித்த பிறகு முதல் குரல் தொடங்கட்டும்.